எந்த ஆண்டில் உட்கார வைப்பார்கள்?

2024 மே 31 அன்று, ஃபிலடெல்ஃபியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் ஒரு வாரத்தில் மூடப்படும் என்ற செய்தி வெளியானது. ஜூன் 7 அன்று மூடியும் விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த நிறுவனத்தில் கிராஃபிக் டிசைன், ஓவியம், திரைப்படம், நடனம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி, பல ஊர்களில் கிளை வைத்திருந்த ‘தி ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ஸ்’ மிச்சமிருந்த எட்டு வளாகங்களையும் ஒரே நாளில் மூடியது. 1871-இல் பிறந்த சான் ஃபிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2022-இல் கதவைச் சாத்தியது. ஆன்செல் ஆடம்ஸ் 1940-களில் புகைப்படத் துறையைத் தொடங்கிவைத்த கல்லூரி அது. பெயருக்கும் புகழுக்கும் குறைவில்லை, கஜானாதான் காலி.

அந்த மாணவர்கள் முன்னால் நின்ற கேள்வி ஒன்றுதான்: அடுத்து எந்தக் கல்லூரி? கல்லூரி மூடாமல் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்பவர்கள் அமெரிக்காவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நம் ஊரில் கல்லூரி மாறுவது என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் முதலாண்டிலிருந்து தொடங்குவது. வீட்டில் அதைச் சொல்லவே தயங்குவார்கள். அங்கே அது அரசே போட்டுக்கொடுத்த பாதை. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு) 46 டாலர் கட்டணம். இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். அதன்பின் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கோ, கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கோ மாறி மீதி இரண்டு ஆண்டைப் படிக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் இந்த வழியில்தான் போகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஓராண்டு, இரண்டாண்டு படித்துவிட்டு மாணவர் விசாவில் அங்கே மாறிப் போகப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த 46 டாலர் கிடையாது. வெளியாருக்கான கட்டணம் பல மடங்கு.

இப்படி மாறுகிறவர்கள் எல்லோரும் தரவரிசைப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் எத்தனையாவது, நியூயார்க்கின் பார்சன்ஸ் எத்தனையாவது, பாசடீனாவின் ஆர்ட்சென்டர் எத்தனையாவது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முதலாண்டில் சேர்பவருக்கு அந்தப் பட்டியல் ஓரளவு உதவும். பாதியில் மாறுகிறவருக்கு உதவாது என்பதே என் கருத்து. அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கல்லூரி என்னை எந்த ஆண்டில் உட்கார வைக்கும் என்பது. கட்டணம், கடன், பட்டம் வாங்கும் தேதி, விசா, கடைசியில் கையில் இருக்கும் படைப்புகளின் தரம் என எல்லாமே அந்த ஒரு விடையிலிருந்துதான் கிளைக்கின்றன.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்களை ஆராய்ந்ததில், சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகள் வழியில் தொலைந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்கள் இழந்தது 37 சதவீதம். லாப நோக்கில் நடத்தப்படும் தனியார் கல்லூரிகளிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும், அதாவது 94 சதவீதத்தை இழந்தார்கள். இது எல்லாப் பாடங்களுக்குமான கணக்கு. டிசைன் படிப்பில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு; அது இந்தக் கணக்கில் தெரியாது.

கிரெடிட்டை ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்று ஒரு கல்லூரி எழுதினால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். எங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம் என்பது ஒன்று. ஆங்கிலம், வரலாறு, கணிதம் போன்ற பொதுப் பாடங்களுக்கு ஈடாக வைத்துக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. உங்கள் முதன்மைப் பாடத்தில் இன்ன வகுப்பைத் திரும்பப் படிக்க வேண்டாம் என்பது மூன்றாவது. முதலிரண்டும் தாராளமாகக் கிடைக்கும், மூன்றாவது அரிது. டிசைன் துறையில் அந்த மூன்றாவதைச் சேர்க்கை அலுவலகம் முடிவு செய்வதில்லை. துறை ஆசிரியர்கள் உட்கார்ந்து, மாணவர் செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். 60 கிரெடிட்டும் ஏற்கப்பட்டது என்ற கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர், இரண்டாம் ஆண்டு ஸ்டூடியோ வகுப்பில் போய் உட்காருவது இப்படித்தான். கடிதத்தில் ஜூனியர் (மூன்றாம் ஆண்டு), வகுப்பறையில் சோஃபோமோர் (இரண்டாம் ஆண்டு).

ஆசிரியர்கள் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கலைக் கல்லூரியின் முதலாண்டு என்பது அந்தந்தக் கல்லூரியின் பார்வையை ஊட்டும் ஆண்டு. இந்த ஏற்பாட்டின் வேர் 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி. அங்கே யோஹானஸ் இட்டன் நடத்திய ஆரம்பப் பயிற்சியைத் தாண்டித்தான் மாணவர் பட்டறைக்குள் நுழைய முடியும். 1937-இல் பௌஹௌஸ் ஆசிரியராக இருந்த மொஹோலி-நாகி அதைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் 1958 அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் பிறந்த நம் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் (என்.ஐ.டி.) அடித்தளப் படிப்பு உண்டு. நிறம், கோடு, உருவம், பொருள் ஆகியவற்றை எங்கள் வழியில் பார்க்கப் பழகியவருக்கே அடுத்த படி என்று நினைக்கும் கல்லூரிக்கு, வேறிடத்தில் வாங்கிய ‘ஏ’ கிரேடு பெரிதாகத் தெரியாது. நியாயமோ அநியாயமோ, நிலவரம் இது.

அடுத்தது ஸ்டூடியோக்களின் வரிசை. கிராஃபிக் டிசைனில் டைப்போகிராஃபி ஒன்று முடித்தால்தான் இரண்டு. இரண்டு முடித்தால்தான் அடையாள வடிவமைப்போ, புத்தக வடிவமைப்போ. அதன்பின்தான் இறுதியாண்டுத் திட்டம். பல இடங்களில் இந்த வகுப்புகளை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துகிறார்கள். இலையுதிர்காலத்தில் டைப்போகிராஃபி ஒன்றில் இடம் கிடைக்காதவர் அடுத்த இலையுதிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். மற்ற எல்லாப் பாடத்தையும் முடித்து வைத்திருந்தாலும் வேறு வழியில்லை. போதாக்குறைக்கு, இரண்டாம் ஆண்டு முடிவில் போர்ட்ஃபோலியோ தேர்வு வைத்து வடிகட்டும் அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர் துறைக்குள் இன்னும் நுழையவில்லை. பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) போன்ற தொழில்முறைப் பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கலை, வடிவமைப்புப் பாடங்களே. கலைக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் நாசாட் அமைப்பு வகுத்த கணக்கு இது. பி.ஏ. பட்டத்தில் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே. ஆகவே பொதுப் பாடங்களை நிறைய முடித்து வைத்திருப்பவருக்கு யு.சி.எல்.ஏ.வின் டிசைன் மீடியா ஆர்ட்ஸ் போன்ற பி.ஏ. படிப்புகளில் இழப்பு குறையும். அதே மாணவர் தனியார் கலைக் கல்லூரியின் பி.எஃப்.ஏ.வுக்குப் போனால் படித்ததில் பெரும்பகுதி கணக்கில் இருக்கும், பயனில் இருக்காது.

கம்யூனிகேஷன் பக்கம் கதையே வேறு. நம் விஸ்காம் பாடத்திட்டம் ஓவியம், புகைப்படம், விளம்பரம், இதழியல், தொலைக்காட்சித் தயாரிப்பு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவை வெவ்வேறு கட்டடங்களில் இருக்கின்றன. அவற்றின் நுழைவு விதிகளும் வெவ்வேறு. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே கலைக் கல்லூரியில் கம்யூனிகேஷன்ஸ் டிசைன் என்ற பி.எஃப்.ஏ. படிப்பு இருக்கிறது, நியூஹவுஸ் ஊடகக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன்ஸ் என்ற படிப்பும் இருக்கிறது. முதலாவது முழுக்க ஸ்டூடியோ வரிசையில் கட்டப்பட்டது. இரண்டாவது செய்தி, எழுத்து, ஊடகப் பாடங்களோடு பின்னியது. வளாகம் ஒன்றுதான், ஆனால் ஒரே மாணவரின் பழைய கிரெடிட்டுகள் இரண்டு வாசல்களிலும் இரண்டு விதமாக எடைபோடப்படும். சிரக்யூஸில் சேரலாமா என்று கேட்பவர் கேள்வியையே பாதிதான் கேட்டிருக்கிறார்.

கம்யூனிகேஷன் மாணவருக்கு மாறுவது எளிது என்பது உண்மைதான். பாடங்கள் பெரும்பாலும் வாசிப்பும் எழுத்தும் என்பதால் வரிசைக் கட்டுப்பாடு குறைவு. கலிஃபோர்னியா 2010-இல் கொண்டுவந்த சட்டப்படி, குறிப்பிட்ட திட்டத்தில் சமுதாயக் கல்லூரிப் பட்டம் முடித்தவருக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பில் இடம் உறுதி. அதே துறையிலோ ஒத்த துறையிலோ இன்னும் 60 யூனிட் படித்தால் பட்டம். கம்யூனிகேஷன் ஸ்டடீஸ், இதழியல் இரண்டுக்கும் இந்தத் திட்டம் உண்டு. அந்த உறுதி அமைப்புக்குத்தான், விரும்பிய வளாகத்துக்கு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தில் பாடவாரியாகப் பார்க்கலாம். இதழியல் பக்கம் ஒரு வினோதமும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற இதழியல் பள்ளிகளில் மாணவர் தன் துறைக்கு வெளியே குறைந்தது 72 கிரெடிட் படித்திருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் முதலிரண்டு ஆண்டில் ஊடகப் பாடங்களை வாரிக் குவித்தவருக்கு அவற்றில் பல பயன்படாமல் போகும். டிசைன் மாணவர் துறைப் பாடம் போதாமல் பின்தங்குகிறார், இதழியல் மாணவர் துறைப் பாடம் கூடிப்போய்ப் பின்தங்குகிறார்.

எந்த ஆண்டு என்பதே முதல் கேள்வி என்ற என் கருத்துக்கு வரும் எதிர்வாதங்களில் கனமானது ஒன்று. டிசைன் கைப்பழக்கம், நேரம் செலவிட்டால்தான் வரும், கூடுதலாக ஓர் ஆண்டு ஸ்டூடியோவில் இருப்பதை இழப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்? நல்ல ஆசிரியர்களே இதைச் சொல்கிறார்கள். பொருளாதாரமோ உயிரியலோ படித்துக்கொண்டிருந்துவிட்டு டிசைனுக்குத் தாவுகிறவருக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். அவர் அடித்தள ஆண்டைத் தாண்டிக் குதித்தால் பின்னால் தடுமாறுவார். அவருக்கு அந்த ஓராண்டு தேவை. அதைத் தெரிந்தே வாங்க வேண்டும். ஆனால் இரண்டாண்டு வரைந்து, அச்சிட்டு, வடிவமைத்துவிட்டு வருகிறவரை மறுபடி முதல் படியில் நிறுத்தினால் அவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே செய்த பயிற்சிகளின் மறுபதிப்பு. தனியார் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 50,000 டாலருக்கு மேல். தங்குமிடம், சாப்பாடு, பொருள் செலவு தனி. கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மாநிலத்தவருக்கு 2025–26-இன் கல்விக் கட்டணம் 6,450 டாலர். ஓர் ஆண்டின் விலை இவ்வளவு வேறுபடும்போது, அது எந்த ஆண்டு என்று கேட்காமல் பணம் கட்டுவது சரியில்லை.

இன்னொரு எதிர்வாதம் பெயரைப் பற்றியது. பார்சன்ஸ் என்றால் நியூயார்க், நியூயார்க் என்றால் ஸ்டூடியோக்களும் பதிப்பகங்களும் விளம்பர நிறுவனங்களும். பெயர் கதவைத் திறக்காதா? திறக்கும். இதழியலில் இன்னும் அதிகமாகத் திறக்கும். 1908-இல் தொடங்கிய மிசௌரி இதழியல் பள்ளியின் மாணவர்கள், பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான கே.ஓ.எம்.யு. தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தியை உண்மையாகவே சேகரித்து ஒளிபரப்புகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தின் பெயர் வெறும் பெயரில்லை. ஆனால் அந்தச் செய்தி அறைக்குள் போவதற்கும் முன்நிபந்தனைப் பாடங்கள் உண்டு. மாறி வருகிறவர் அதற்குள் எந்த செமஸ்டரில் நுழைவார், நுழைந்தபின் எத்தனை செமஸ்டர் மிஞ்சும் என்ற கணக்குப் போட்டால்தான் அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பயன்படும் என்று தெரியும். டிசைன் நிறுவனங்களோ விண்ணப்பதாரரின் வேலைகளைத்தான் முதலில் விரித்துப் பார்க்கின்றன. அந்த வேலைகளில் உருப்படியானவை மூன்றாம், நான்காம் ஆண்டு ஸ்டூடியோவில் பிறப்பவை. பணம் தீர்ந்து, கடன் ஏறி, அந்த ஸ்டூடியோவை எட்டுவதற்குள் விலகிப்போகிறவருக்குப் பெயர் எதையும் தரப்போவதில்லை.

கல்லூரியின் நிதிநிலையைப் பார்ப்பது மாணவர் வேலையா என்று கேட்பவர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவைத்தான் காட்ட வேண்டும். லாப நோக்கற்ற கல்லூரிகள் அமெரிக்காவில் வருமான வரித்துறைக்குத் தரும் 990 என்ற படிவம் பொது ஆவணம்; யாரும் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செலவு வரவை மிஞ்சுகிறதா, மாணவர் எண்ணிக்கை சரிகிறதா என்று அதிலும் கல்லூரியின் சொந்தப் புள்ளிவிவரத்திலும் தெரிந்துவிடும். சிறிய, தனித்து நிற்கும் கலைக் கல்லூரி மாணவர் கட்டணத்தை நம்பியே வாழ்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் மூடுவது அரிது, ஆனால் துறை மூடும்: கலிஃபோர்னியாவின் சோனோமா ஸ்டேட் 2025 ஜனவரியில் கலை வரலாறு, நாடகம் உள்ளிட்ட துறைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒருமுறை மாறியவர் இரண்டாவது முறை மாற நேர்ந்தால் ஏற்கெனவே தொலைந்த கிரெடிட்டுக்கு மேல் இன்னும் தொலையும். எனவே எந்த ஆண்டு என்ற கேள்வியோடு, அந்த ஆண்டுகள் முடியும்வரை இந்தத் துறை இருக்குமா என்பதும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு விஷயங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்காவுக்குள் கல்லூரி மாறினால், பழைய கல்லூரி ‘செவிஸ்’ என்ற மாணவர் விசாப் பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்க, அவர் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தைப் புதிதாக வாங்கி, ஐந்து மாதத்துக்குள் அங்கே வகுப்பு தொடங்கியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் ஸ்டூடியோ வரிசை தொடங்கும் கல்லூரியில் இந்தக் கெடு எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, படிப்பின் வகைப்பாட்டு எண். பட்டத்துக்குப் பின் அங்கே வேலை பார்க்க எல்லோருக்கும் 12 மாத அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு இப்போதைய விதிப்படி இன்னும் 24 மாதம் சேரும். கிராஃபிக் டிசைன் அந்தப் பட்டியலில் இல்லை. டிஜிட்டல் கம்யூனிகேஷன் அண்ட் மீடியா, அனிமேஷன்–இன்டராக்டிவ் டெக்னாலஜி என்ற இரண்டு வகைகளும் பட்டியலில் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு கல்லூரிகள் வெவ்வேறு எண்ணில் பதிந்திருக்கக்கூடும். ஐ-20 படிவத்திலேயே அந்த எண் அச்சாகியிருக்கும். விஸ்காம் பாதியில் விட்டுப் போகிறவர் மதிப்பெண் பட்டியலோடு, ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும், செய்த வேலைகளின் மூலக் கோப்புகளையும், ஸ்கெட்ச் புத்தகங்களையும் பத்திரமாக எடுத்துப் போக வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ‘கிராஃபிக் டிசைன் செய்முறை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் டைப்போகிராஃபி ஒன்றிலிருந்து விலக்குத் தரமாட்டார்.

செயற்கை நுண்ணறிவு லோகோவும் சுவரொட்டியும் போட்டுத் தள்ளும் காலத்தில் இந்தப் பட்டமே எதற்கு என்ற கேள்வியும் இப்போது எழுகிறது. அது வேறு கட்டுரைக்குரியது. இங்கே ஒன்று மட்டும் சொல்லலாம்: தொழிலின் எதிர்காலம் உறுதியில்லை என்றால், தேவையில்லாத ஓராண்டுக்கு 50,000 டாலர் கொடுக்காமல் இருப்பதற்கு அது இன்னொரு காரணம்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் மாறி வருகிறவர்களுக்கு வழக்கமாக ஜூன் 1 கெடு. அதற்கு முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தபின் எந்த ஸ்டூடியோவில் வைக்கிறீர்கள், முதல் செமஸ்டரில் எந்தெந்த வகுப்பில் எனக்கு இடம் உண்டு, பட்டம் வாங்க எத்தனை செமஸ்டர் ஆகும், துறைக்குள் இன்னொரு தேர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் குறைந்த கல்லூரி மூன்றாம் ஆண்டு என்று எழுத்தில் தந்து, பெயர் பெற்ற கல்லூரி ‘சேர்ந்தபின் பார்க்கலாம்’ என்று சொன்னால், எழுத்தில் தந்த இடத்தில் சேருங்கள்.